அந்தியூர் போன மச்சம்

1996 ஜூன் பதினேழாம் தேதி, சாராளின் புதுப்பித்த பாஸ்போர்ட் போத்தனூருக்குப் பதிவுத் தபாலில் வந்து சேர்ந்த அன்று காலை, அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே இருந்த மச்சம் அந்தியூருக்குப் போய்விட்டது. அதே நேரத்தில் வலது மணிக்கட்டில் பழைய தீத்தழும்பு ஒன்று வந்து உட்கார்ந்தது. பாஸ்போர்ட்டில் அங்க அடையாளம் என்ற இடத்தில் தீத்தழும்பு என்றுதான் எழுதியிருந்தது. ஆகவே பாஸ்போர்ட்டில் பிழை எதுவும் இல்லை. கையெழுத்து வாங்கிய தபால்காரர் மட்டும், "வெல்லப்பாகு பட்டுப்போச்சுங்களா?" என்று விசாரித்தார். தழும்பில் லேசாக வெல்ல வாசம் இருந்தது.

வேறு மச்சமாக இருந்திருந்தால் சாராள் விட்டிருப்பாள். அவள் ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி பார்க்கும் நர்ஸ். மகள் ஃபெமினா பிறந்ததிலிருந்து மதியத்தில் இருவரும் சேர்ந்துதான் தூங்குவார்கள். அந்த மச்சத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டால்தான் குழந்தை கண்ணை மூடும். 1993 அக்டோபரில், ஐந்தரை வயதில், மூளைக்காய்ச்சல் கண்டு குழந்தை இறந்துபோனது. அடக்கம் முடிந்த நான்காம் நாள் மதியம் சரியாக இரண்டு மணிக்கு விரல்கள் மட்டும் திரும்பி வந்தன. மச்சத்தைப் பிடித்தன, அரை மணி நேரம் இருந்தன, பிடி தளர்ந்து போயின. அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த கணவர் எபினேசர், வீட்டில் இருக்கும் நாட்களில் அந்த அரை மணி நேரம் ரேடியோவை அணைத்துவிடுவார். இதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. மற்றபடி சாராள் சாப்பிட்டாள், ஊசி போட்டாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாள். எதிலும் ருசி இல்லை, அழுகையும் வரவில்லை. மஸ்கட்டில் வேலை கிடைத்தபோது போகவேண்டும் என்றும் தோன்றவில்லை, இருக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. நேர்காணலில் அவள் கேட்டது ஒன்றுதான்: பகலில் தூங்க விடுவீர்களா? விடுவோம் என்றார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் வந்து சேரச் சொன்னார்கள். பத்து வருடமாகப் பெட்டியில் கிடந்து காலாவதியான பாஸ்போர்ட்டை அப்படித்தான் புதுப்பிக்கக் கொடுத்தாள்.

கொடுத்தது காந்திபுரத்தில் ஒரு லாட்ஜ் மாடிப்படிக்குக் கீழே டைப்ரைட்டர் வைத்திருந்த ஏஜென்ட் ஜபருல்லாவிடம். மூன்று ஜில்லாவுக்கும் படிவம் நிரப்பித் தருபவர். எங்கள் பக்கத்துப் பெண்கள் வெளி ஆம்பிளையிடம் உடம்பில் எங்கே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கையை மேசைமேல் ஒருதரம் வைத்துக் காட்டிவிட்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார்கள். ஜபருல்லாவும் மரியாதை தெரிந்தவர், அதை அவர்கள் முன்னால் எழுதமாட்டார். எல்லோரும் போனபிறகு நினைவிலிருந்து மொத்தமாக நிரப்புவார். பெரும்பாலும் தப்பாது. தப்பினால் உடம்பு படிவத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். மேட்டுப்பாளையம் கிழங்கு வியாபாரி ஒருவருக்கு உயரத்தை இரண்டு அங்குலம் குறைத்து எழுதிவிட, அந்த மனிதர் எல்லா வேட்டியையும் மடித்துத் தைக்கவேண்டியதாயிற்று. அதிலிருந்து உயரத்துக்கு மட்டும் நாடா வைத்து அளந்தார்.

சாராள் வந்து கையை நீட்டியதும் அவருக்கு விளங்கிவிட்டது. படிவம் கொடுத்த அன்றைக்கு அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அந்தியூர் மாரியாத்தாள். "மாத்திப் போட்டுட்டனுங்க சிஸ்டர். தப்பு என்னுதுதான்" என்றார் ஜபருல்லா. பாஸ்போர்ட் ஆபீஸுக்குத் தானே அவளைக் கூட்டிப்போனார். அதிகாரி மணிக்கட்டையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்து, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, சரியாக இருப்பதை எப்படித் திருத்துவது என்றார். ஒரே வழி இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒப்படைத்தால் நாலு மாதத்தில் மாற்றித் தருவார்கள். மஸ்கட் வேலை போய்விடும். போகட்டும் என்று படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சாராள் அந்தியூர் பஸ் ஏறினாள். விரல்கள் வராமல் மதியம் வெறுங்கையோடு படுக்க ஆரம்பித்து அப்போது ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மாரியாத்தாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கரும்புத் தோட்டம், வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகை, வாசலில் கயிற்றுக்கட்டிலில் கணவர் நஞ்சுண்டன். சிங்கப்பூரில் இருக்கும் மகள் லோகப்பிரியாவின் பிரசவத்துக்காகப் பாஸ்போர்ட் எடுத்திருந்தார், அடுத்த வாரம் பயணம். சாராள் வாயைத் திறப்பதற்குள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டார். "வாங்க அம்மணி. என்ற கையில இருந்த தழும்பாட்ட இருக்குதே" என்று உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தார். படிவத்தை எடுக்கச் சாராள் பைக்குள் கையை விட்டபோது சுவர்க்கடிகாரத்தில் இரண்டு அடித்தது. மாரியாத்தாள் பேச்சை நிறுத்திவிட்டுப் பாயில் இடது கையை நீட்டிப் படுத்தார். மச்சத்தைச் சுற்றித் தோல் மெல்ல அமுங்கியது.

"தெனமும் வருதுங்க. யாரூட்டுப் புள்ளையோ, பாவம். ஆனா தூங்க மாட்டேங்குது, நெளிஞ்சுட்டே கெடக்குது" என்று கிசுகிசுத்தார்.

"என்னோட பொண்ணுங்க அக்கா. ஃபெமினா" என்றாள் சாராள். மூன்று வருடத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல்தடவை. மாரியாத்தாள் கையை அசைக்காமல் முகத்தை மட்டும் அவள் பக்கம் திருப்பினார். பிறகு, தூங்க வைக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்.

சாராள் தயங்கினாள். "வளையல் சத்தம் ஆகாதுங்க. நர்ஸுங்கறதால நான் போடறதில்ல."

எங்கள் பக்கத்தில் கணவன் இருக்கிற பெண் வெறுங்கையோடு இருக்கமாட்டாள், அதுவும் கணவன் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது. மாரியாத்தாள் வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு இரண்டு கை வளையல்களையும் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தார். நஞ்சுண்டன் திரும்பிப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்கு எழுந்து போனார். ஐந்து நிமிடத்தில் நெளிவது நின்றது. சாராளுக்குப் பொறாமையாக இருந்தது. பின்னாலேயே நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் அவளுக்கு மறந்தே போயிருந்தன. பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். படிவத்தை வெளியே எடுக்கவேயில்லை.

ஆகஸ்ட் இருபதாம் தேதி அவள் மஸ்கட் போனாள். அக்டோபரில் சிங்கப்பூரிலிருந்து கடிதம் வந்தது. லோகப்பிரியாவுக்குப் பெண் குழந்தை, எடை மூன்று கிலோ, இங்கே வெயில் நம் ஊர் மாதிரிதான், உங்கள் பாப்பா இந்த ஊர்க் கணக்குக்கு நாலரை மணிக்கு வருகிறது, நன்றாகத் தூங்குகிறது, வளையலை ஏன் கழற்றுகிறேன் என்று மாப்பிள்ளை ஊட்டில் யாரும் கேட்கவில்லை என்று மாரியாத்தாள் எழுதியிருந்தார். சாராள் படித்துவிட்டு மணி பார்த்தாள். சிங்கப்பூர் நாலரை மஸ்கட்டில் பன்னிரண்டரை; அதற்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்துத் தூங்கினாள்.