குலுக்கிய ரத்தம்

ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயைக் குலுக்கினது நான்தான். பெயின்ட் கடையில் டப்பா குலுக்கியே பிழைப்பு நடத்துபவன் கையில் என் மனைவியின் ரத்தத்தைக் கொடுத்து, "லேப்ல குடுத்துடுங்க" என்றால் என்ன ஆகும்? அடியில் தங்கிவிடக் கூடாதே என்று படிக்கட்டு நெடுக நன்றாகக் குலுக்கிக்கொண்டே போனேன்.

கொஞ்ச நேரத்தில் வார்டே அமளிப்பட்டது. பொட்டாசியம் எக்கச்சக்கமாம், இதயமே நின்றுவிடும் அளவாம். டாக்டர் ஓடி வந்து பார்த்தால், மானிட்டரில் இதயம் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் லேப்பிலிருந்து போன். "குழாய்க்குள்ள ரத்த அணுவெல்லாம் உடைஞ்சு கிடக்கு. அதான் அளவு தப்பா காட்டுது. யாரு கொண்டு வந்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மச்சினி தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா மட்டும் எழுந்தா உங்கள என்ன சொல்லுவா தெரியுமா மாமா?"

அதைக் கேட்கத்தானே தவம் கிடக்கிறேன். வண்டியிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டதிலிருந்து அந்த வாய் மூடிக் கிடக்கிறது. கண்ணைத் திறக்கிறாள், பார்வை என்னைத் தாண்டி ஜன்னலுக்குப் போய்விடுகிறது. ஜன்னல் என்னைவிட லட்சணம்தான், ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் ஈரத் துண்டை வேண்டுமென்றே கட்டில் மேல் போட்டுப் பார்க்கிறேன். திட்ட ஆளில்லை. துண்டு அங்கேயே காய்கிறது.

வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனைதான். சர்க்கரை, உப்பு, ஹீமோகுளோபின். டாக்டர் அந்த எண்களையெல்லாம் வயது, ஸ்கேனோடு சேர்த்துக் கம்ப்யூட்டரில் போட்டு, ஆள் எவ்வளவு தேறும் என்று கணக்குப் பார்க்கிறார். நானும் தினம் கேட்கிறேன். "பார்க்கலாம்" என்பார், இல்லாவிட்டால் "நம்பிக்கையா இருங்க" என்பார். பெயின்ட் எப்போது காயும் என்று கேட்பவர்களிடம் நானும் இப்படித்தான் மழுப்புவேன்.

திரும்ப ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை குழாயை மச்சினி வாங்கிக்கொண்டாள், கைக்குழந்தையைப் போல. சாயங்காலம் ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் அறைக்குப் போனேன்.

"நான் குலுக்கினதுல உங்க கணக்கு கெட்டுப்போச்சா டாக்டர்?"

"இல்ல. அந்த நம்பரத் தூக்கிப் போட்டாச்சு. புதுசு பரவாயில்ல."

"பரவாயில்லன்னா? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. என்னைத் திட்டுவாளா, மாட்டாளா?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"இதே மாதிரி நம்பர் இருக்கற பத்துப் பேர்ல ஆறு பேர் தானா நடந்து, தானா சாப்பிடற அளவுக்கு வந்துடுவாங்க. நாலு பேர் வர மாட்டாங்க. உங்க மனைவி எந்தப் பக்கம்னு கணக்கு சொல்லாது. பழையபடி பேசுவாங்களா, உங்களத் திட்டுவாங்களா, அது ரத்தத்துல தெரியாதுங்க. எனக்கும் தெரியாது."