ஓட்டை இல்லாத பட்டன்

கணினித் திரைகளை வடிவமைக்கும் அண்ணிக்காரிக்குப் படத்தில் நிழல் என்றாலே ஆகாது. எந்தத் திரையைக் கொடுத்தாலும் மேடுபள்ளத்தைத் தேய்த்துச் சப்பட்டையாக்கினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் நாத்தனாரோ பர்ஸ் படம் போட்டால் தோல்வாசனையே அடிக்கும். அன்றைக்கு வந்த ஒரு தையல்காரரின் செல்போன் ஆப்புக்கு அண்ணிக்காரி போட்ட படம் அவருக்குப் பிடிக்காவிட்டால் வேலை நாத்தனாருக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய மானக்கேடு உண்டா?

“பட்டன் எங்கம்மா?” என்று கேட்டார் தையல்காரர்.

“இந்த நீலக் கட்டம்தான் சார். அமுக்குங்க.”

“இது ஒட்டுத்துணி. பட்டன்னா ஓட்டை வேணாமா?”

பல்லைக் கடித்துக்கொண்டு கட்டத்தை வட்டமாக்கி இரண்டு புள்ளி வைத்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பிளக் பாயிண்ட் மாதிரி இருக்கு. ஷாக் அடிக்கும்.”

“அண்ணி, கொஞ்சம் நிழல் கடன் தரட்டுமா?” என்றாள் நாத்தனார், வாயில் தேன் ஒழுக.

கொள்கையாவது கத்தரிக்காயாவது. பத்தே நிமிஷத்தில் விளிம்பு, பளபளப்பு, நிழல், நாலு இழை நூல் எல்லாம் வந்து சேர்ந்தன. தையல்காரருக்கு முகமெல்லாம் பல். அமுக்குவார் என்று பார்த்தால், இரண்டு விரலை வைத்து இழுத்தார். பட்டன் திரை முழுக்கப் பெரிதானது.

“இந்த இழுப்புக்கும் நூல் அறுந்து வரலியே. வேலை உங்களுக்குத்தாம்மா.”

அண்ணிக்காரி வெற்றிப் பார்வை ஒன்றை நாத்தனார் பக்கம் வீசுவதற்குள், அவர் திரையில் எதையோ தேட ஆரம்பித்திருந்தார்.

“அது சரி, இதை மாட்டுறதுக்குக் காஜா எங்க?”

விழாத பேனாவை எடுக்க மேசைக்கடியில் குனிந்தாள் நாத்தனார்.