எழுபது மில்லி

கமலாட்சிக்கு இடது மார்பை எடுத்த ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பங்குனி உற்சவத்துக்காக ராஜ வீதிகளில் வண்டிகளை மறித்திருந்தார்கள். ஆட்டோ சுற்றிக்கொண்டு பிள்ளையார்பாளையம் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் ஒரு சின்னத் தலையணையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவள் வார்டில் இருந்த நர்ஸ் நிக்கத்.

கமலாட்சிக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்து மூன்று வருடமாக அங்கன்வாடி டீச்சர். மாதா மாதம் குழந்தைகளை எடை போட்டுப் பதிவேட்டில் எழுதுவது அவள் வேலையில் ஒன்று. எடை குறைந்தால் மேலே கேள்வி வரும் என்பதற்காக அரை கிலோ கூட்டி எழுதுகிறவர்கள் உண்டு. அவள் ஒரு முறையும் அப்படி எழுதியதில்லை. கணவர் ராமலிங்கம் நெசவாளி. வீட்டின் முன்னறை முழுவதும் அவருடைய தறிதான். ஒரே மகள் கலைவாணி ஓசூரில் கணவனோடு இருக்கிறாள். லீவு போட்டு வந்திருந்தாள்.

அக்குளுக்குக் கீழே தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்தது. அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. காற்றை அமுக்கி வெளியேற்றி மூடிவிட்டால், உள்ளே ஊறுகிற நீரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். காலையிலும் மாலையிலும் டப்பாவைக் காலி செய்து, அளவுக் கப்பில் ஊற்றிப் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். ஒரு நாள் முழுவதற்கும் முப்பது மில்லிக்குக் கீழே இறங்கி, அது தொடர்ந்து இரண்டு நாள் நின்றால் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முதல் மூன்று நாள் கலைவாணி பார்த்துக்கொண்டாள். லீவு முடிந்து அவள் கிளம்பியதும் வேலை ராமலிங்கத்தின் கைக்கு வந்தது.

வலி கமலாட்சி நினைத்திருந்த மாதிரி இல்லை. வெட்டிய இடம் பெரும்பாலும் மரத்துக் கிடந்தது. குழாய் தோலுக்குள் நுழைகிற இடத்தில் போட்டிருந்த ஒற்றைத் தையல்தான் திரும்பிப் படுத்தாலும் இருமினாலும் சுண்டி இழுத்தது. மேல் கையின் உள்பக்கம் தீப்பட்டதுபோல எரிந்தது. சில சமயம் இல்லாத காம்பில் அரித்தது. சொறியப் போன விரல் பஞ்சுக்கட்டில் பட்டு நின்றது.

வயிறு எரிகிறது என்று ஆரம்பத்தில் அவள் மாத்திரையைத் தள்ளிப் போட்டாள். இரண்டாம் நாளே வலி தோள்வரை ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனில் நிக்கத் சொன்னது ராமலிங்கத்துக்கும் கேட்டது.

“வலி வந்தப்புறம் மாத்திரையைத் தேடாதீங்கம்மா. அது ஏறிட்டா இறக்குறது கஷ்டம். வெறும் வயித்துல போடாம, நேரம் பார்த்து முன்னாடியே போட்டுடுங்க.”

அதற்குப் பிறகு ராமலிங்கம் தன் போனில் மூன்று வேளைக்கும் அலாரம் வைத்தார். அலாரம் அடித்ததும் தறியிலிருந்து எழுந்து வந்து, இரண்டு இட்லியோ ஒரு தம்ளர் கஞ்சியோ கொடுத்து, அவள் மாத்திரையை விழுங்கும்வரை நின்றார். மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் பயிற்சி. சுவர் பக்கம் நின்று, இடது கை விரல்களால் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். முதல் நாள் விரல் தோள் உயரத்தோடு நின்றது. அவர் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினார். தினமும் அரை விரல், ஒரு விரல் என்று கோடு ஏறியது.

இவ்வளவும் சரியாகத்தான் நடந்தது. டப்பாவைக் காலி செய்கிற நேரத்தைத்தான் அவளால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

அவர் பக்கவாட்டில் வந்து உட்காருவார். அவள் புடவையை விலக்கும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். பிறகு டப்பாவை மட்டும் பார்ப்பார். கப்பில் ஊற்றி, அளவைச் சொல்லி, டப்பாவை அமுக்கி மூடிவிட்டு எழுந்து போவார். கொல்லைக் குழாயடியில் கை கழுவுகிற சத்தம் கேட்கும். அது சீக்கிரம் நிற்காது. சோப்புப் போட்டு, அலசி, மறுபடி சோப்புப் போடுவார். கட்டிலில் கிடந்தபடி அவள் அந்தத் தண்ணீர்ச் சத்தம் எப்போது நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தவர். இப்போது தன்னைத் தொட்ட கையை இத்தனை நேரம் கழுவுகிறார் என்று நினைத்தாள். அவரிடம் கேட்கவில்லை.

வீடு வந்த ஒன்பதாம் நாள் காலை, இனிமேல் தானே பார்த்துக்கொள்வதாக அவரிடம் சொன்னாள். வலது கை நன்றாகத்தானே இருக்கிறது, அவர் தறியை விட்டுவிட்டு எழுந்து வர வேண்டாம் என்றாள். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, சரி என்றார். கப்பையும் நோட்டையும் அவள் கைக்கு எட்டுகிற மாதிரி ஸ்டூலில் வைத்தார்.

அன்று மொத்தம் எண்பது மில்லி வந்தது. நோட்டில் நாற்பது என்று எழுதினாள். மறுநாள் எழுபத்தைந்து. இருபத்தைந்து என்று எழுதினாள். அதற்கு அடுத்த நாள் எழுபது. இருபது என்று எழுதினாள்.

பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் குளியலறைக்குப் போய் டப்பாவைக் காலி செய்தாள். டாக்டர் நோட்டைப் பார்த்தார். குழாயைச் சுற்றியிருந்த தோலைப் பார்த்தார். நல்லபடியாக ஆறுகிறது என்றார். நிக்கத் மூச்சை இழுத்துவிடச் சொல்லி, விடும்போது குழாயை உருவினாள். உள்ளே பாம்பு நகர்வதுபோல இருந்தது. அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவில் கமலாட்சி தூங்கிவிட்டாள்.

இரண்டு நாள் சுகமாக இருந்தது. இரு பக்கமும் புரண்டு படுத்தாள். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு, அளவு பெரிதான பழைய ரவிக்கை ஒன்றைப் போட்டுக்கொண்டாள். பக்கத்துத் தெருவிலிருந்து அங்கன்வாடி ஆயா வந்தபோது எழுந்து உட்கார்ந்து பேசினாள்.

மூன்றாம் நாள் அக்குளுக்குக் கீழே ஏதோ கனத்தது. தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் நிரம்பிய பாலிதீன் பை மாதிரி தளும்பியது. மறுநாள் அது எலுமிச்சையிலிருந்து ஆரஞ்சு அளவுக்கு ஆனது. மேலே தோல் இழுத்துப் பிடித்துப் பளபளத்தது. என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எழுபது எழுபதாக வெளியே வந்துகொண்டிருந்த நீர் இப்போது உள்ளேயே தங்குகிறது. தானே வற்றிவிடும் என்று இரண்டு நாள் காத்திருந்தாள். வலி மாத்திரையை நேரத்துக்கு முன்பே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். பயிற்சியின்போது, விரல் சுவரில் பாதியிலேயே நின்றது.

ராமலிங்கம் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து சுவரைப் பார்த்தார். முந்தின கோட்டுக்கும் அவள் விரலுக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது. அவர் கோடு போடவில்லை.

“இன்னா கமலா, இறங்கிப்போச்சு?”

அசதி என்றாள். அவர் அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனார்.

டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, நீர் கட்டியிருக்கிறது, லேசாகச் சீழும் பிடிக்கப் பார்க்கிறது என்றார். ஊசி போட்டு உறிஞ்சினார்கள். அந்த இடம் மரத்திருந்ததால் குத்தியது பெரிதாகத் தெரியவில்லை. அழுத்தம் குறைந்துகொண்டே போனது மட்டும் தெரிந்தது. பெரிய சிரிஞ்சில் நான்கு முறை இழுத்தார்கள். இருநூறு மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. மஞ்சளாக, கலங்கலாக இருந்தது. அடுத்த வாரம் தொடங்க வேண்டிய கீமோவைப் பத்து நாள் தள்ளிப்போட வேண்டும் என்றார் டாக்டர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னார். அளவெல்லாம் சரியாக இருந்தும் சிலருக்கு இப்படிச் சேர்வதுண்டாம். நோட்டை எவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள், இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை என்றார்.

கமலாட்சியால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

“அந்த நோட்டுல கடைசி மூணு நாளு பொய் டாக்டர்,” என்றாள். “எண்பது வந்துச்சு. எழுபது வந்துச்சு. நான்தான் குறைச்சி எழுதினேன்.”

டாக்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, நல்ல வேளை இப்போதாவது சொன்னீர்கள் என்றார். மருந்துச் சீட்டில் எதையோ மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். நிக்கத் கட்டுப் போட்டுக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டாள். திட்டுகிற குரலாக அது இல்லை.

“குழாயை ஒரு வாரம் முன்னாடியே எடுத்ததுல உங்களுக்கு இன்னாம்மா கிடைச்சுது?”

“குழாய் இல்லன்னா, மறுபடியும் அவரு கை கழுவுற சத்தத்தை கேக்க வேணாம் இல்ல.”

சொன்ன பிறகுதான் ராமலிங்கம் திரைக்குப் பக்கத்திலேயே அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

மருந்து வாங்கிக்கொண்டு இருவரும் வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. வாலாஜாபாத் பஸ் ஒன்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அது போன பிறகு அவர் பேசினார். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது, டப்பாவைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் குழாய் வழியே கிருமி உள்ளே போய்விடும் என்று நிக்கத் சொல்லியிருந்தாளாம். முன்னால் கழுவுவதைத் தறிப் பக்கம் இருந்த வாளியிலேயே முடித்துவிட்டு வருவாராம். அது அவளுக்குத் தெரிந்திருக்காது.

“ஆனா அவ்வளோ நேரம் கழுவ சொல்லல அந்தப் பொண்ணு,” என்றார். “அது நானா நின்னதுதான். உடனே உள்ள வந்தா உன் மூஞ்சிய பாக்கணும். அழுதுடுவேனோன்னு இருந்துச்சு.”

அவள் தன் மடியிலிருந்த மருந்துப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ எழுதுனது பொய்யின்னு எனக்கு தெரியும் கமலா.”

அவள் நிமிர்ந்தாள்.

“டப்பா மேலயே கோடு போட்டிருக்குது. தறியில ஒரு இழை அறுந்தா எனக்கு தெரியுது, இது தெரியாதா? கடைசி நாளு ரெண்டு வேளையும் சேர்த்து எழுபது இருந்துச்சு. நோட்டை எடுத்து பார்த்தேன். இருபதுன்னு போட்டிருந்துச்சு.”

“தெரிஞ்சிக்கினு ஏங்க சொல்லல?”

அவர் செருப்பால் தரையில் உதிர்ந்து கிடந்த வேப்பம்பூவை ஓரமாகத் தள்ளினார்.

“எனக்கும் அந்தக் குழாய் போயிட்டா தேவலன்னு இருந்துச்சு,” என்றார்.

கமலாட்சிக்குக் கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். வரவில்லை. வீடு வந்ததிலிருந்து முதல் முறையாக அவளுக்குப் பசித்தது. எதிர்க் கடையில் இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டார்கள். அவள் மாத்திரையை அங்கேயே போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு முறை ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஒரு முறை தொண்ணூறு, அடுத்த முறை முப்பது. பிறகு ஊறவில்லை. காய்ச்சல் நின்றது. பஞ்சுக்கட்டை முழுவதுமாக எடுத்துவிட்டு, இனித் தாராளமாகத் தலைக்குக் குளிக்கலாம், ஆனால் இடது கையைத் தூக்கித் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டாம் என்றார்கள்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் ராமலிங்கம் வெந்நீர் போட்டார். குளியலறையின் கூரைத் தகட்டில் ஒரு கண்ணாடித் துண்டு பதித்திருந்தது. அதன் வழியே வெயில் நேராக உள்ளே விழுந்தது. அவள் முக்காலியில் உட்கார்ந்து ரவிக்கைக் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசிக் கொக்கிக்கு விரல் வளையவில்லை. அவர் குனிந்து அதைக் கழற்றிவிட்டார். இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்ப அங்கே ஜன்னல் இல்லை.

அவர் பார்த்தார். நெஞ்செலும்பின் ஓரத்திலிருந்து அக்குள்வரை சிவப்பாக ஒரு கோடு. அதற்கு மேலும் கீழும் தட்டையான தோல். குழாய் இருந்த இடத்தில் ஒரு சின்னப் பொருக்கு. அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண் கலங்கியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை, எழுந்து போகவும் இல்லை.

“தையல் நேரா இருக்குது,” என்றார்.

“ஓரத்துல வளையுது, பாருங்க.”

இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார். “ஆமா. அக்குள் கிட்ட லேசா.”

பிறகு சொம்பில் வெந்நீரை மொண்டு, தன் புறங்கையில் விட்டுப் பார்த்துவிட்டு, அவள் நெஞ்சில் மெதுவாக ஊற்றினார். சூடு சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

“அங்க ஒண்ணும் தெரியலங்க,” என்றாள். “தோள்ல ஊத்துங்க, சொல்றேன்.”