படிக்கக் கொடுத்த அறை

பிரான்சி இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். சர்ச்சில் வாசித்த அறிவிப்பைக் கேட்டு, இளைஞர் மேம்பாட்டு அமைப்பு ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க டி.வி. பார்ப்பதற்கு இது மேல் என்று நினைத்தாள். பயிற்சி வகுப்பு முடிவதற்குள் டி.வி.யே மேல் என்று தோன்றிவிட்டது.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், அமைப்பின் அலுவலக மாடியில் பயிற்சி. ஒருங்கிணைப்பாளர் ஸ்தனிஸ்லாஸ் ஆளுக்கொரு பலூன் கொடுத்தார். மனதிலிருக்கும் பயத்தையெல்லாம் அதில் ஊதி உடைத்துவிட வேண்டுமாம். பேங்க் மேனேஜர்களும் பேராசிரியைகளும் கன்னம் உப்ப ஊதினார்கள். பெரியவர் ஒருவருக்கு மூச்சு வாங்கியது. அதற்கும் கைதட்டினார்கள். பிறகு எல்லோருக்கும் மஞ்சள் டி-ஷர்ட் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். இளைஞர் என்று சொல்ல அந்த ஹாலில் ஒருவர்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு இளைஞர்களுக்கு வகுப்பெடுக்க அவளை எடமலைப்பட்டி புதூருக்கு அனுப்பினார்கள். குடியிருப்போர் சங்கக் கட்டடத்தின் வெளியே, தகரக் கொட்டகையில் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். தகரம் கொதித்தது. பிரான்சி கையேட்டைத் திறந்தாள்.

“உங்க இலக்கு என்னன்னு ஆளுக்கொரு பேப்பர்ல எழுதுங்க.”

யாரும் பேனாவை எடுக்கவில்லை. இக்ரா என்ற பட்டதாரிப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“போன தடவை வந்த அக்காவும் இதையேதான் கேட்டாங்க. அதுக்கு முன்னாடி வந்த சாரும். குரூப் ஃபோர் பாஸ் பண்ணணும், அவ்வளவுதாங்க. ரூமைத் திறந்து விட்டீங்கன்னா போதும்.”

“எந்த ரூம்?”

பக்கத்திலிருந்த வசீம் என்ற பையன் ஜன்னலைக் காட்டினான். பிரான்சி எட்டிப் பார்த்தாள். ஃபேன், லைட், நீள மேசைகள். மேசை தெரியாத அளவுக்கு பேனர்கள், டி-ஷர்ட் பெட்டிகள், பலூன் மூட்டைகள். இளைஞர்கள் படிப்பதற்காகச் சங்கம் அமைப்பிடம் ஒப்படைத்த அறை அது. அமைப்போ அதைக் குடோனாக்கிப் பூட்டியிருந்தது.

ஸ்தனிஸ்லாஸுக்கு போன் போட்டாள்.

“ஆண்டு விழா முடியட்டும் மேடம். ஆபீஸ்ல இடம் இல்ல.”

“இவங்க இந்த வெக்கையில உக்காந்து படிக்கிறாங்க சார்.”

“அதுவும் ஒரு அனுபவம்தானே. மன உறுதி வரும்.”

அவர் அறை ஏ.சி.யை நிறுத்தினால் அவருக்கும் கொஞ்சம் வரலாம் என்று பிரான்சி நினைத்துக்கொண்டாள். போனை வைத்தாள்.

சங்கச் செயலாளர் பிச்சைமுத்துவிடம் மாற்றுச் சாவி இருந்தது. இக்ரா பலமுறை கேட்டும் அவர் கொடுத்ததில்லை. பிரான்சியின் மஞ்சள் டி-ஷர்ட்டைப் பார்த்ததும் எழுந்து நின்று கொடுத்தார். அந்தச் சட்டையால் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

எல்லோரும் சேர்ந்து சாமான்களை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். பிரான்சியும் வசீமும் கூடவே போய் அமைப்பின் மாடிப்படி அடியில் இறக்கி வைத்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் பதறி இறங்கி வந்தார்.

“நீங்க செய்றது நல்லால்ல மேடம். டீம் ஸ்பிரிட்டே இல்ல.”

“பேனரை எலி கடிச்சிருக்கு சார். பார்த்து எடுங்க.”

அன்று மாலையே அவளை வாட்ஸப் குரூப்பிலிருந்து நீக்கினார்கள். காலை வணக்கப் படங்கள் நின்றதில் அவளுக்கு நிம்மதி.

அவள் போவதை நிறுத்தவில்லை. ஞாயிறுதோறும் பழைய வினாத்தாள்களோடு போய் மாதிரித் தேர்வு வைத்தாள். விகிதக் கணக்கில் அவளே தடுமாறினாள். வசீம் சிரிக்காமல் திருத்தினான்.

சில வாரங்கள் கழித்து, ஏற்கெனவே திறந்திருந்த அறையைத் திறந்துவைக்க அமைப்பு வந்தது. போட்டோவில் அறை பெரிதாகத் தெரிய வேண்டுமென்று மேசைகளை வெளியே போட்டார்கள். படித்துக்கொண்டிருந்தவர்கள் மறுபடியும் கொட்டகைக்குப் போனார்கள். ரிப்பன் வெட்டிய பிறகு, தம் அமைப்பின் அயராத உழைப்பைப் பற்றி ஸ்தனிஸ்லாஸ் பேசினார், அயராமல் பேசினார்.

“எப்பக்கா முடிப்பாங்க?” என்றாள் இக்ரா.

“சால்வை போட்டாச்சு. சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க.”

அப்படியே போனார்கள். வசீமும் மற்றவர்களும் மேசைகளை உள்ளே தூக்கிப் போட்டார்கள். வாசலில் இறைந்து கிடந்த பேப்பர் தட்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு பிரான்சி உள்ளே வந்தபோது, ஃபேனுக்கு அடியில் இக்ரா வரலாற்றுக் கேள்விகளை வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.