கெட்டித் தரை

1942 ஏப்ரல் பதினேழாம் தேதி காலை ஏழேகாலுக்கு லிபியப் பாலைவன மணலிலிருந்து மீண்ட ஒரு ராணுவ லாரி, அதன்பின் பதினோரு ஆண்டுகள் நிற்கவில்லை. ஓட்டியவன் கிளாரி ஹாஸ்கின். தகடுகளைச் சுமந்து பின்னால் நடந்தவன் மெர்வ் பாஸ்கோ. இருவரும் நியூசிலாந்துக்காரர்கள். மெர்வ் போருக்கு முன் ஆடு மேய்த்தவன். நடப்பது அவனுக்குப் புதிதல்ல.

வழக்கம் எளிது. சக்கரம் புதைந்தால் மணலை வாரிவிட்டு, துளையிட்ட ஐந்தடி இரும்புத் தகடுகள் இரண்டை அதன் முன்னால் செருக வேண்டும். லாரி அவற்றின்மேல் ஏறி வெளியே வரும். வந்தபின் கெட்டித் தரை கிடைக்கும்வரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மறுபடி புதையும். தகடு போட்டவன் அவற்றைத் தூக்கிக்கொண்டு தடத்தோடு நடந்துபோய்ச் சேர்ந்துகொள்வான். அந்த வாரம் நாற்பது முறை புதைந்திருந்தார்கள். நாற்பதாவது முறைக்குப் பிறகு எந்தத் தரையும் கிளாரிக்குப் போதுமான கெட்டியாகத் தெரியவில்லை.

லாரி ஆள் நடக்கும் வேகத்தில், எப்போதும் கால் மைல் முன்னால் போனது. பெட்ரோல் தீரவில்லை. காலையில் கிளாரி ஓர் இறைச்சி டின்னையும் தண்ணீர்க் குப்பியையும் பின்னால் தள்ளிவிடுவான். காற்று அடங்கினால் பேச்சு கேட்கும்.

“எப்படா நிறுத்துவ?”

“அந்த மேட்டைத் தாண்டினதும். சும்மா ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக்கிட்டே வராத.”

போர் முடிந்ததை ஒரு விமானம் துண்டறிக்கையாகப் போட்டுவிட்டுப் போனது. படை அலுவலகம் லாரியை ‘பணியில்’ என்றே பதிந்து வைத்திருந்தது. 1947இல் ஒட்டகக்காரர்கள், ஊரில் மெர்வுக்கு நிச்சயித்திருந்த ஐவியின் கடிதத்தைக் கொண்டுவந்தார்கள். அவள் இன்னொருவனைக் கட்டிக்கொண்டாள். மெர்வ் நடந்தபடியே படித்தான். பிறகு அதை மடித்து, தகடு உறுத்தும் இடத்தில் தோளில் வைத்துக்கொண்டான்.

லாரி ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கிணற்றைக் கடக்கும். அங்கே ஆடு மேய்க்கும் மிஃப்தாஹ் அவனுக்குத் தேநீர் கொடுத்தபடி கூடவே நடப்பான்.

“அவன் உனக்குச் சொந்தமா?”

“டிரைவர்.”

“அப்ப அந்த இரும்பைக் கீழ போட்டுட்டு ஊரு போய்ச் சேரேன்யா.”

“மாட்டிக்கிட்டா தண்ணி தீர்ந்து செத்துருவான்.”

“நீ மட்டும் உயிரோடயா இருக்க?” என்றான் மிஃப்தாஹ். கோப்பையை வாங்கிக்கொண்டு ஆடுகளிடம் திரும்பினான்.

1953 மே மாதம் லாரி அச்சுவரை புதைந்தது. மெர்வ் போய்ச் சேர்ந்தபோது கிளாரி அதன் நிழலில் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

“மெதுவா வர்றியே, மாப்பிள்ளை வீட்டுக்காரனா நீ?”

மெர்வ் தகடுகளை இறக்கினான். இறக்கிய பிறகும் தோள்கள் குனிந்தே இருந்தன.

“நான் கொஞ்சம் உக்காரணும், கிளாரி. அவ்வளவுதான்.”

“அப்ப நீ ஓட்டு. நான் தூக்குறேன். கெட்டித் தரை வந்ததும் நிறுத்திரு.”

கிளாரி தோண்டினான், தகடுகளைச் செருகினான். லாரி ஏறி வெளியே வந்தது. முந்நூறு கஜத்தில் கருங்கூழாங்கல் தரை விரிந்தது. பீரங்கி வண்டியே நிற்கும். மெர்வ் அதைப் பார்த்தான். இருக்கை மெத்தென்று இருந்தது. சக்கரத்துக்கடியில் ஏதோ லேசாக இளகுவதுபோலவும் இருந்தது. கால் பிரேக்குக்குப் போகவில்லை. அடுத்த மேட்டுக்கு அப்பால் இதைவிட நல்ல தரை இருக்கலாம்.

பின்னால் கிளாரியின் குரல் கேட்டது.

“மெர்வ், இது கெட்டித் தரைதானேடா?”