வெயில் பழகியவர்கள்

கணக்கு டீச்சருக்கு வயிறு எரிந்தது. இந்த வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்து மூன்று மாதமாகிறது. எதிர் வீட்டில் இருக்கும் பாட்டு டீச்சர் குளிர் நாட்டுக்காரி. அவளுடைய ஏசிக்கு ஆகும் கரண்ட் பில்லைப் பள்ளிக்கூடமே கட்டுகிறதாம்! இவள் வீட்டிலோ சம்பளத்தில் கால்வாசியை அந்தப் பில்லே விழுங்கிவிடுகிறது.

பில்லும் கையுமாக மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள். அறை ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. மனுஷன் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தச் சலுகை வெயில் பழக்கமில்லாதவங்களுக்கு, மேடம். உங்க ஊரே வெயில் ஊர்தானே? உங்களுக்குப் பழகியிருக்குமே!" என்றார், பல்லெல்லாம் தெரிய.

"வெயில் ஊர்ல பொறந்தா வேர்க்காதா சார்? என் வீட்டுக்காரர் முதுகு பூரா வேர்க்குரு. வந்து பாக்குறீங்களா?"

"ரூல் அப்படி இருக்கு. நான் என்ன பண்றது?" என்று கையை விரித்தார்.

அவள் அந்தக் கோட்டை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்கு எந்த ஊரு சார்?"

"பொறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கதான்" என்றார் பெருமையாக.

"அப்ப உங்களுக்கும் பழகியிருக்கும்."

மேஜைமேல் கிடந்த ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்தாள். ரிமோட்டைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். எதிர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த ரூலை இன்னொரு தடவை நிதானமாப் படிங்க சார். எனக்கு மத்தியானம்தான் கிளாஸ்."

மூன்றாவது நிமிஷமே அவர் கோட்டைக் கழற்றிவிட்டார்.