பதினோரு ஒன்றுகள்

ஏழாம் நோட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளப்போன மகன், முழங்கையால் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டான். அப்பாவின் போர்வையும் நோட்டும் நனைந்தன. மூன்று நாளாகத் திறக்காத கண் திறந்தது. நாற்பத்தொரு வயதில் அவனுக்குக் கைவந்த ஒரே வைத்தியம் அதுதான்.

"என்னத்த ஒளிக்கிற?"

"ஒண்ணுமில்லப்பா."

சாயங்காலம் வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அப்பா அச்சகத்தில் பிழை திருத்தியவர். வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நோட்டில் ஒரே ஒரு வகுத்தல் போடுவார். பதினோரு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண்: 11111111111. மீதியில்லாமல் அதை எதுவாவது வகுக்குமா, இல்லை உடைக்கவே முடியாத பகா எண்ணா? பகா எண்தான் என்பது அவர் கட்சி. பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். அதுவும் ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சத்தில், அதன் வர்க்கமூலத்தில், நிறுத்திவிடலாம். அப்படியும் பத்தாயிரம் வகுத்தல். நாளுக்கு ஒன்றாக இருபத்தெட்டு வருஷம். பாக்கி ஒன்றே ஒன்று. இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், "நீ எதுக்கு?" என்பார். எந்தக் கேள்விக்கும் அவர் நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரமில்லை.

போகிற மனிதருக்கு நல்ல சேதி சொல்லலாமென்று காலையில் மகன் அந்த எண்ணைச் செல்போனில் தட்டினான். 21649 வகுக்கும் என்றது. ஏழாம் நோட்டைப் புரட்டினான். 21649, மீதி 17. கையெழுத்து அவனுடையது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன பத்து நாள் வகுத்தல் அவன் பொறுப்பாக இருந்தது. அன்று படத்துக்கு நேரமாகிவிட்டது. 17 பார்ப்பதற்கு மீதி மாதிரியே இருந்தது.

விஷயத்தைக் கேட்ட அம்மா சொன்னது இவ்வளவுதான்: "சொல்லித் தொலைக்காதடா. கடைசி ஒண்ணையும் போட்டுக் காட்டிடு. ஜெயிச்சோம்னு போகட்டும்."

அப்பா கண்ணால் பேனாவைக் காட்டினார். மகன் கடைசி வகுத்தலைப் போட்டான். மீதி வந்தது. இரண்டு தடவை சரிபார்த்தான், இருபத்தொரு வருஷம் தாமதமாக.

"எல்லாம் சரியா இருக்கா?" என்றார் அப்பா. அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்துக்கும் கேட்ட கேள்வி.

வாசல்படியில் நின்ற அம்மா தலையை மட்டும் ஆட்டினாள், சொல்லு, சரின்னு சொல்லு என்பதுபோல.  

மகன் குனிந்து, நனைந்த நோட்டை எடுத்தான். படம் உட்பட எல்லாவற்றையும் சொன்னான். பிறகு அவர் கண்ணெதிரே வகுத்தான். கடைசி ஒன்றை இறக்கியதும் 194841 நின்றது. ஒன்பது முறை 21649, அதுவும் 194841. கழிக்க, ஒன்றுமில்லை.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. விரலை நீட்டினார். பேனாவை வைத்து, மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தான். 17-ஐ அடித்தார். அச்சகத்துப் பழக்கத்தில் ஓரத்துக்குக் கோடு இழுத்து, அங்கே ஒரு பூஜ்யம் போட்டார். அது முழுசாக மூடவில்லை.

"கோவமாப்பா?"

"ஆமா," என்றார் அப்பா, பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல்.